பெல்ஜியப் பக்கத்தில் நின்றவன்

தம்பித்துரைக்கு விசர் என்று ஜெர்மனியில் பெல்ஜிய எல்லையோரமாக இருக்கிற ஆஹென் நகரத்துத் தமிழ்ச் சனம் கதைக்கத் தொடங்கினது இரண்டாயிரத்து இருபத்து நாலாம் ஆண்டு, ஐரோப்பியத் தேர்தல் நெருங்கின வைகாசி மாதத்தில். சனத்தையும் குறை சொல்ல ஏலாது. ஜெர்மனி ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும், எல்லையெல்லாம் பழையபடி அடைக்க வேண்டும் என்று ஒரு கட்சி சந்திக்குச் சந்தி நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நின்றது. எங்கட ஆட்கள் கையில் அது கிடைத்தால் கசக்கிக் குப்பைவாளிக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். இந்த மனிசன் அதை மடிக்காமல் கொண்டுவந்து குசினிச் சுவரில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஐயா! அதுவும் அகதியாக வந்த மனிசன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் சாரங்கா பிராங்பேர்ட்டிலிருந்து வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, இது என்ன கூத்து?"

"ஏன், வாசிக்கத் தெரியாதோ? வெளியேறுவம் எண்டு போட்டிருக்கு."

"அவங்கள் ஆர் எண்டு தெரியுமோ உங்களுக்கு? எல்லையை அடைச்ச அடுத்த கிழமை முதல் பெட்டி கட்டப்போறது நீங்கள்தான்."

"நான் இந்த நாட்டுப் பிரசை. இருபத்தெட்டு வருஷம் பிஸ்கற் ஃபக்டரியில போறணைக்கு முன்னால நிண்டு வெந்தவன். என்னை ஆரும் அனுப்பேலாது."

மேல்வீட்டு வசந்த்குமாரும் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். கோயம்புத்தூர்ப் பெடியன், இங்கே படித்து முடித்து ஒரு மெஷின் கம்பெனியில் இன்ஜினியராக இருக்கிறவன். அவனுக்கு எதையும் கணக்காகச் சொல்ல வேண்டும்.

"அங்கிள், கொஞ்சம் லாஜிக்கலா பேசலாம். இங்கிலாந்து வெளிய போச்சுல்ல, என்ன ஆச்சு? டிரேட் அடி வாங்குச்சு, லாரியெல்லாம் துறைமுகத்துல க்யூ நின்னுச்சு. எங்க கம்பெனிக்குப் பாதி பார்ட்ஸ் பெல்ஜியத்துல இருந்துதான் வருது. பார்டர்ல நிறுத்திட்டா மொத்த லைனும் நின்னுடும்."

"உம்மட பார்ட்ஸ் வரட்டும் தம்பி. ஆள் வரக்கூடாது."

"எந்த ஆள் அங்கிள்?"

தம்பித்துரை அடுப்புப் பக்கம் ஒருக்கால் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் ஜெயமலர் சோற்றுப் பானையை மேசையில் டொக்கென்று வைத்தா.

"ஒருத்தரும் ஒண்டையும் அடைக்கத் தேவையில்லை. என்ர அண்ணன் இன்னும் வந்து சேரேல்ல."

அந்த வீட்டில் இந்த வசனம் விழுந்தால் அதற்குமேல் ஒருவரும் கதைக்கமாட்டார்கள். சாரங்கா கோப்பைகளை எடுத்து வைத்தாள். வசந்த்குமார் அப்பளத்தை நொறுக்கினான்.

இனி உங்களிட்ட மறைத்து என்ன. தம்பித்துரை பார்த்த இடத்தில், அடுப்புக்கும் பிரிட்ஜுக்கும் இடையில், அந்த அண்ணன் நின்றான். பெயர் ரகுநாதன். முழங்கால் வரைக்கும் ஈரமான காற்சட்டை, ஒரு காலில் சப்பாத்து, மற்றக் கால் வெறுங்கால். வயது இருபத்து நாலு. முப்பத்து மூன்று வருஷமாக அதே இருபத்து நாலுதான். தம்பித்துரையைத் தவிர வேறு ஒருவர் கண்ணிலும் அவன் பட்டதில்லை. ஆனால் அவன் நின்ற இடத்தில் தரை ஈரமாகும். "இஞ்சேருங்கோப்பா, கை கழுவினா உதறாதேங்கோ எண்டு எத்தினைதரம் சொல்லுறது" என்று ஜெயமலர் துணியைப் போட்டுத் துடைப்பா. சொந்தத் தமையனின் காலடியைத் துடைக்கிறா என்று தெரியாமலே துடைப்பா.

தொண்ணூற்றோராம் ஆண்டு தை மாதம். காசு வாங்கி ஆள் கடத்துகிற ஏஜென்சிக்காரன், ஊரிலிருந்து ஒன்றாக வெளிக்கிட்ட தம்பித்துரையையும் ரகுவையும் பெல்ஜியத்தில் ஒரு காட்டு ஓரத்தில், இருள் விலக முன்னம் இறக்கிவிட்டான். "நேர நடவுங்கோ. வெளிச்சம் தெரிஞ்சா ஜெர்மனி" என்றான். இன்னொன்றும் சொன்னான். "அகதிக் கேஸ் குடுக்கேக்க பெல்ஜியம் எண்ட சொல்லே வாயில வரப்படாது. வந்தா திருப்பி அங்க தள்ளிப்போடுவாங்கள். பிளேனில வந்து இறங்கினனான், தனிய வந்தனான். அவ்வளவுதான்." அந்தக் காலத்தில் எங்கட சனம் தேவாரத்தை மறந்தாலும் இந்தப் பாடத்தை மறக்கவில்லை. பொய் என்று ஒருவரும் நினைக்கவும் இல்லை. அதற்குப் பெயர் கேஸ்.

காட்டுக்குள் ஒரு சின்ன ஓடை. ரகு வழுக்கி விழுந்து கணுக்கால் பிரண்டுவிட்டது. சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தால் கால் வீங்கி, திரும்பப் போட முடியவில்லை. கொஞ்சத் தூரம் தாங்கிக்கொண்டு வந்தார் தம்பித்துரை. பிறகு ரகு ஒரு மரத்தோடு சாய்ந்து இருந்துவிட்டான். "ஏலாது மச்சான்" என்றான்.

"நீ இதில இரு. நான் போய் ஆரையும் கூட்டிக்கொண்டு வாறன்."

"கெதியா வா மச்சான். சரியாக் குளிருது."

அரை மணித்தியாலத்தில் றோட்டு வந்தது. றோட்டுக்குக் குறுக்கே தடை. பக்கத்தில் சுங்கக்காரரின் சின்னக் கட்டடம். யன்னலுக்குள் சுங்க உடுப்புப் போட்ட ஒரு ஜெர்மன்காரன் கோப்பி குடித்துக்கொண்டு இருந்தான். கதவைத் தட்டினால் போதும். "அங்க ஒருத்தன்" என்று காட்டைக் காட்டினால் போதும், பாஷைகூடத் தேவையில்லை. ஆனால் தட்டினால் பெல்ஜியம் என்று தெரிந்துவிடும். தம்பித்துரை குனிந்து, கட்டடத்தின் பின்பக்கத்தால் நடந்து, விடிந்த பிறகு வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். அடுத்த நாள் பதிவு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்டார், "உம்மோட வேற ஆரும் வந்தவையோ?" இவர் சொன்னார், "இல்லை. பிளேனில, தனிய வந்தனான்." அதை எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள்.

கோழை! வேறென்ன சொல்ல. ஆராவது கண்டு தூக்கியிருப்பாங்கள், ஆராவது கண்டு தூக்கியிருப்பாங்கள் என்று முகாம் கட்டிலில் கிடந்து மூன்று மாதம் புலம்பினார். சித்திரையில் ஒருநாள் மனம் பொறுக்காமல் பஸ் எடுத்து அந்த எல்லைக்குப் போனார். ஓய்ப்பன் என்ற பெல்ஜிய ஊருக்குப் போகிற றோட்டு அது. தடைக்கு அந்தப் பக்கம், பெல்ஜியத்துக்குள், றோட்டோரமாக ரகு நின்றான். தம்பித்துரைக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. கையை உயர்த்திக் கூப்பிட வாயெடுத்தார். அந்த நேரம் ஒரு கார் ரகுவுக்குள்ளால் புகுந்து இந்தப் பக்கம் வந்தது. தம்பித்துரை றோட்டிலேயே குந்திவிட்டார்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் அவன் அங்கேயே நின்றான். தடையைத் தாண்டவில்லை. செத்தவனுக்கும் விசா வேண்டுமாக்கும் என்று தம்பித்துரை நினைத்தார். சிரிக்காதேங்கோ. பயந்த மனிசனுக்கு எல்லாம் நியாயமாகத்தான் படும்.

இதற்கிடையில் யாழ்ப்பாணத்திலிருந்து ரகுவின் தாய் கடிதத்துக்கு மேல் கடிதம். என் பிள்ளையோடு வெளிக்கிட்டவர் நீர், அவன் எங்கே? இவர் எழுதினார்: பிரசல்ஸில் பிரிந்துவிட்டோம், வேறு ஆட்களோடு இங்கிலாந்துப் பக்கம் போகிறேன் என்றான். அதற்கு வந்த பதில்தான் அவரை முறித்தது. என் மகனைக் கடைசியாகக் கண்டவர் நீர்தான், என் மகளை நீரே கட்டும், அவன் வந்து சேர ஒரு வீடு இருக்கட்டும். எப்படி மறுப்பது? தொண்ணூற்று நாலில் ஜெயமலர் வந்து இறங்கினா. விமான நிலையத்திலேயே அவ கேட்ட முதல் கேள்வி, "அண்ணையின்ர கதை ஏதும் தெரிஞ்சதோ?"

அடுத்த வருஷம் பங்குனியில் தடையைத் தூக்கிவிட்டார்கள். இனி ஐரோப்பாவுக்குள் ஆரும் எங்கேயும் போகலாம் என்று தொலைக்காட்சியில் பட்டாசு கொளுத்திக் காட்டினார்கள். மூன்றாம் நாள் காலை ஃபக்டரிக்குப் போக வெளிக்கிட்ட தம்பித்துரை, வீட்டுக்கு முன்னாலிருந்த பஸ் தரிப்பில் ரகுவைக் கண்டார். பின்னேரம் திரும்பி வந்தபோது அவன் குசினிக்குள் நின்றான்.

இருபத்தொன்பது வருஷம். ஒரு வார்த்தை பேசுகிறதில்லை, ஒரு சாமானைத் தட்டுகிறதில்லை. பார்த்துக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான். கோபமான பார்வை என்றாலும் தாங்கலாம். அவன் பார்வை, போனவன் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டானோ என்று பார்க்கிற பார்வை.

ஜெயமலரோ தமையன் உயிரோடு இருக்கிறான் என்றே இருந்தா. பன்னிரண்டு வருஷம் கழிந்தபோது வுப்பர்டால் நகரத்தில் இருக்கிற மாமி ஒருத்தி, ஐயரைக் கூப்பிட்டுச் செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டியைச் செய்துவிடுவோம் என்று வாயெடுத்தா. அன்றோடு அந்த மாமிக்கு வீட்டுப்படி ஏற இடமில்லை. இங்கிலாந்து ஒன்றியத்தை விட்டுப் போன அன்றைக்கு ஜெயமலர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து அழுதா. "ஐயோ, அங்க அடைச்சுப்போட்டாங்கள். பேப்பர் இல்லாதவன் இனி எப்பிடி வருவான்?" அவவின் கதிரைக்குப் பின்னால் ரகு நின்று, அவவின் தலைக்கு மேலால் தம்பித்துரையைப் பார்த்தான்.

அன்றைக்குத்தான் இந்த வெளியேறுகிற யோசனை மனிசனின் மண்டைக்குள் ஏறினது. எல்லை இருந்த காலத்தில் இவன் அந்தப் பக்கம் நின்றவன்தானே. ஜெர்மனியும் வெளியேறட்டும், தடை திரும்ப வரட்டும், இவன் போகட்டும். வியாபாரம், சட்டம், அகதி, ஒன்றும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கோயில் மண்டபத்தில், தமிழ்க்கடையில், பிறந்தநாள் வீட்டில் எல்லாம் "அடைக்க வேணும்" என்று கத்தினார். சனம் அவரைக் கண்டால் விலத்திப் போகத் தொடங்கியது.

தேர்தல் முடிந்தது, ஒருவரும் வெளியேறவில்லை. ஆனால் புரட்டாசி நடுப்பகுதியில் ஒரு செய்தி வந்தது. ஜெர்மனி தன் எல்லா எல்லையிலும் பொலிசை நிறுத்திச் சோதிக்கப் போகிறது, பெல்ஜியப் பக்கமும்தான். தம்பித்துரை கதிரையை விட்டுத் துள்ளி எழும்பி, அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். ரகு அங்கேயே நின்றான்.

அன்று பின்னேரம் சாரங்கா ரெலிபோனில் சீண்டினாள். "என்னப்பா, இப்ப சந்தோஷமோ? ஆனா ஒண்டு யோசிச்சனீங்களோ? எல்லையை அடைச்சா வெளியில நிக்கிறவன்தான் வரேலாது. உள்ளுக்க இருக்கிறவனை என்ன செய்வியள்?"

அவள் அரசியல்தான் கதைத்தாள். தம்பித்துரைக்கு அது புத்தி சொன்ன மாதிரி இருந்தது.

அடுத்த நாள் ஜெயமலர் கடைக்குப் போன நேரம், இருபத்தொன்பது வருஷத்தில் முதன்முதலாக அவர் அவனோடு வாய் திறந்தார். "வா மச்சான், ஒருக்கா வெளியில போட்டு வருவம்." ரகு வந்தான். கேள்வி கேட்காமல் வந்து காரின் முன் இருக்கையில் இருந்தான். பெல்ஜியத்துக்குள் போகிற பக்கம் சோதனை இல்லை. இரண்டு கிலோமீற்றர் தள்ளி, காடு தொடங்குகிற இடத்தில் தம்பித்துரை காரை நிறுத்தி, சுற்றி வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"நீ இதில இரு. நான் வாறன்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, என்ன சொன்னேன் என்று. ரகு இறங்கி நின்றான். முகத்தில் ஒரு நம்பிக்கை. நினைத்தாலே நெஞ்சு வேகும். தம்பித்துரை ஓடிப்போய்க் காருக்குள் ஏறித் திருப்பினார். எல்லையில் பொலிஸ் மறித்து, அடையாள அட்டையைப் பார்த்து, நல்ல பயணம் என்று சொல்லி அனுப்பிவிட்டது. கண்ணாடியில் பார்த்தார். பொலிஸ் வானுக்கு அந்தப் பக்கம், பெல்ஜியத்துக்குள், பின்னாலேயே வந்த ரகு நின்றுவிட்டான். வெட்கம் கெட்ட மனிசன், வீடு வரைக்கும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தார்.

பதினொரு நாள் குசினித் தரை காய்ந்து கிடந்தது. மனிசன் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். சுவரிலிருந்த நோட்டீசையும் கிழித்து எறிந்தார். ஜெயமலர் காலையிலேயே வெளிக்கிட்டுப் போய் மத்தியானம் களைத்து வருவதைக்கூட அவர் கவனிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் வசந்த்குமார் வேலையிலிருந்து போன் எடுத்தான்.

"அங்கிள், ஆன்ட்டி பார்டர்ல நிக்கிறாங்க. பெல்ஜியம் போற ரோட்ல. பார்ட்ஸ் எடுக்கப் போய் வர்றப்ப மூணு நாளா பார்க்கறேன். கையில ஒரு போட்டோ வச்சிருக்காங்க. ஏதாச்சும் பிராப்ளமா?"

தம்பித்துரை போட்ட சேர்ட்டோடு போனார். மழை தூறிக்கொண்டு இருந்தது. பொலிஸ் வானுக்குப் பக்கத்தில் ஜெயமலர் நின்றா, தொப்பியை இழுத்துப் போட்டபடி, பெரிதாக்கின படத்தை நெஞ்சோடு பிடித்தபடி. மறித்த ஒவ்வொரு காருக்குள்ளும் எட்டிப் பார்த்தா. சின்ன வயதுப் பொலிஸ்காரி ஒருத்தி பொறுமையாக அவவுக்குப் பக்கத்தில் நின்றாள். பத்து அடி தள்ளி, பெல்ஜியப் பக்கத்தில், ரகு. தங்கையைப் பார்த்தபடி நின்றான். இந்தப் பக்கம் வரவில்லை.

"நல்லதாப் போச்சுது நீங்கள் வந்தது" என்றா ஜெயமலர். முகமெல்லாம் ஒரு வெளிச்சம். "இவவுக்கு என்ர டொச் பாஷை விளங்குதில்லையப்பா. சொல்லுங்கோ இவவுக்கு. நான் உங்களோட சும்மா சண்டை பிடிச்சன். எல்லை போட்டது நல்லதுதான். எல்லாரையும் மறிச்சுப் பேர் கேக்கினம் எல்லோ? அண்ணை எந்தப் பக்கத்தால வந்தாலும் இனிப் பேர் பதிவாகும்."

"மழையில நிக்காத. வா வீட்டை போவம்."

"இல்லை. நாளைக்கும் வருவன். பனி கொட்டினாலும் வருவன். இதில நிண்டா ஒருநாள் காணுவன்."

பொலிஸ்காரி சின்னக் கொப்பியை எடுத்து விரித்தாள். காணாமல்போனவர் என்றால் பதியலாம் என்றாள் ஜெர்மனில். இவரைக் கடைசியாகக் கண்டது ஆர்? அந்த நேரம் இவரோடு வேறு ஆரும் இருந்தார்களா?

"என்ர மனிசன்தான் கடைசியாக் கண்டவர்" என்று ஜெயமலர் முந்திக்கொண்டு, தெரிந்த ஜெர்மனில் பெருமையாகச் சொன்னா.

பிரசல்ஸ் என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. முப்பத்து மூன்று வருஷம் பழகின நாக்கு. சொல்லிவிட்டால் சரி, இன்றைக்கும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் இவ நாளைக்கும் வருவா. தை மாதத்துப் பனியிலும் வருவா. அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவ, இரண்டு பேரும் காத்துக்கொண்டு நிற்பார்கள்.

"நாங்கள் ரெண்டு பேர் வந்தனாங்கள்" என்றார் பொலிஸ்காரியிடம். "பிளேனில இல்லை. அந்தக் காட்டுக்குள்ளால." பிறகு ஜெயமலர் பக்கம் திரும்பித் தமிழில் எல்லாவற்றையும் சொன்னார். ஓடையை, காலை, யன்னலுக்குள் கோப்பி குடித்தவனை, பஸ்ஸை. ஒன்றையும் விடவில்லை.

ஜெயமலர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது.

"எத்தினையாம் திகதி?"

"தை இருபத்தெட்டு. திங்கட்கிழமை."

"உயிரோடயோ விட்டிட்டு வந்தனீங்கள்?"

"ஓம்."

"ஏதும் சொன்னவனோ?"

"கெதியா வா எண்டவன்."

அவ கொஞ்ச நேரம் அவரின் முகத்தைப் பார்த்தா. முப்பது வருஷம் சமைத்துப் போட்ட முகத்தை, ஆர் இது என்று பார்க்கிற மாதிரி. பிறகு படத்தைப் பொலிஸ்காரியின் கையில் கொடுத்துவிட்டு, மறித்து நிறுத்தின கார்களுக்கு நடுவால் நடந்து பெல்ஜியத்துக்குள் போனா. தம்பித்துரை பின்னால் ஓடப்போனார். பொலிஸ்காரி அவரின் தோளில் கையை வைத்தாள். நீங்கள் நில்லுங்கோ, உங்களிடம் இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது என்றாள்.

காட்டு ஓரத்துக்குப் போன ஜெயமலர் அங்கிருந்து திரும்பிக் கத்தினா. "எந்தப் பக்கம்?"

தம்பித்துரை கையை உயர்த்தினார். எங்கே காட்டுவது? எல்லா மரமும் ஒரே மரமாக நின்றது. அவருக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

ரகு அவரைப் பார்க்கவில்லை. மெல்லமாக, காலை இழுத்து இழுத்து, வலது பக்கத்து மரங்களுக்குள் நடக்கத் தொடங்கினான். அவனைக் காணாத ஜெயமலர் ஒரு கணம் நின்று யோசித்தா. பிறகு அந்தப் பக்கமே திரும்பி, அவனுக்குப் பின்னால் போனா.